வானம் இல்லாத கடிதம்

அன்புள்ள உனக்கு,

ஓமஹா ஆஸ்பத்திரிச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? இங்கே கோழிகள் நன்றாக முட்டையிடுகின்றன. சமையலறைக்குப் புதுத் திரை தைத்துவிட்டேன்.

பத்தாம் வகுப்பில் அந்தப் பழைய குடியேறிகள் நாவலை நடத்துகிறேன். புல்வெளிக்கு வந்த மார்த்தா தன் அம்மாவுக்குக் கடிதம் எழுதும் இடம். "சந்தோஷமாத்தானே எழுதியிருக்கா?" என்றேன். நம் பக்கத்து வயல்காரர் மகள் லுட்மிலா எழுந்தாள்.

"பொய் டீச்சர். மாடு, குழந்தை, ரொட்டி எல்லாம் எழுதறா. வானத்தைப் பத்தி, மழை வெயில் பத்தி ஒரு வரி இல்ல. நம்ம நெப்ராஸ்கால அப்படி யாராவது கடிதாசி எழுதுவாங்களா? பயிர் போயிருச்சு, மறைக்கிறா."

வகுப்பே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை உனக்கு இதய ஆபரேஷன். அதுவரை உனக்கு எந்த அதிர்ச்சியும் கூடாதென்று டாக்டர் என்னிடம் படித்துப் படித்துச் சொன்னார்.

எழுதியதைத் திரும்பப் படித்தேன். கோழி இருக்கிறது, திரை இருக்கிறது, வானம் இல்லை. முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவாய்.

அதனால் இதை மேஜைக்குள் வைக்கிறேன். உனக்கு வேறு தாளில், "இங்கே நல்ல வெயில்" என்று தொடங்கி எழுதுகிறேன். அது பொய்யில்லை. ஆலங்கட்டி மழை சனிக்கிழமையோடு ஓய்ந்துவிட்டது. நம் சோளத்தில் ஒரு தட்டையைக்கூட அது விட்டுவைக்கவில்லை.

இதை நீ வீட்டுக்கு வந்துதான் படிக்க வேண்டும். வந்துவிடு.

உன்னவள்