சக்கைக்குச் சரியான விடை

2015 ஜூன் 15, திங்கள்

விடிய முன்னமே மழை. குடைக்கம்பி ஒடிஞ்சது. பஸ் லேட், உள்ள கால் வைக்க இடமில்ல. திற்பரப்புல தண்ணி அதிகம், அருவியில குளிக்க விடல்லன்னு கண்டக்டர் ஏறினவங்க எல்லார்ட்டயும் சொல்லிட்டே வந்தார். குளிக்கப் போற மூஞ்சியாட்டா இருக்கு எங்களுக்கு.

பள்ளிக்கூடத்துக்கு டேப்லெட் வந்தாச்சு. பத்து. ஏதோ கம்பெனி சும்மா குடுத்தது. பிள்ளைய எல்லாம் அதுல பாடம் படிக்கும், பரீட்சை எழுதும், நாம வேடிக்கை பாக்கலாமாம். பொறுப்பு எனக்கு. காரணம்: போன வருஷம் பிரிண்டர்ல சிக்கின பேப்பர நான் இழுத்து எடுத்தேன். அன்னைக்கிலேருந்து எச்.எம். கண்ணுக்கு நான் கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளு. அந்தப் பேப்பர் அங்கயே கெடந்திருக்கணும்.

சார்ஜ் போட பிளக் பாயிண்ட் மூணு. அதுல ஒண்ணு ஆடுது.

வாங்க: தேங்காயெண்ணெ, சீரகம், பல்பு. குடை நன்னாக்கணும்.

ஜூன் 16, செவ்வாய்

ஒம்பதாம் கிளாஸ்ல முதல் நாள். ஒரு டேப்புக்கு நாலு பிள்ளைய. ஒருத்தன் தொடுவான், மூணு பேரு பாப்பாவ. "டீச்சர், எப்பவும் இவனே தொடுதான்." ஈர விரல் பட்டா வேலை செய்யாது. மழையில நனைஞ்சு வந்த பிள்ளைய எல்லாம் கைய உதறி உதறி நின்னுது.

பாடம் ஓடிச்சு. அதுல பேசுத பொம்பளைக்கு நல்ல குரல். ஆனா "வாளைப்பளம்"ன்னு சொல்லிச்சு. கிளாசே சிரிச்சது. நம்ம பிள்ளையளுக்கு வேற எது வராட்டாலும் ழ வரும். திரும்பத் திரும்ப அந்த இடத்தையே போட்டுக் கேட்டுதுவ. பாடம் போச்சு.

அஜிதான்னு ஒரு பிள்ளை. அப்பாவுக்கு ரப்பர் மரத்துல பால்வெட்டு வேலை. கடைசி பெஞ்ச். டேப்ப தொடவே இல்ல. மத்தவன் தப்பா தொடும்போது மட்டும் உதட்டுக்குள்ள சரியான விடைய சொல்லிட்டு இருந்தா. நான் பாத்ததும் வாய மூடிட்டா.

மத்தியானம் கரண்ட் இல்ல. கரும்பலகையில நடத்தினேன். நிம்மதி.

ஜூன் 18, வியாழன்

கம்பெனிக்காரன் சுற்றறிக்கை. டேப்புல இருபத்தஞ்சு கேள்வி, ஆளுக்கு ஆளு தனியா எழுதணும். இருபது எடுத்த பிள்ளையளுக்கு நாகர்கோவில்ல ஒரு காலேஜ்ல எட்டு சனிக்கிழமை கம்ப்யூட்டர் பயிற்சி. பஸ்ஸும் சாப்பாடும் அவங்க பாத்துக்கிடுவாங்க. கிளாஸ்ல வாசிச்சேன். ஒருத்தரும் காதுல போட்டுக்கிடல.

இன்டர்வெல்ல அஜிதா வந்தா. "டீச்சர், அதுல ஒரு ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர்னு வாசிச்சியள்ளா. உண்மையாட்டா?"

"அப்பிடித்தான் போட்டிருக்கு."

"பங்குக்கு ஆரும் வரமாட்டாவளா?"

"வரமாட்டா."

விரல மடக்கி எட்டு சனிக்கிழமைய எண்ணிப் பாத்தா. பிறகு போனா. நம்ம ஸ்கூல்ல கம்ப்யூட்டர் ஆறு, ஓடுதது ஒண்ணு. அதுல இந்தப் பிள்ளைக்கு கீபோர்ட தொட எப்பவாவது முறை வந்திருக்குமான்னு யோசிச்சேன். வந்திருக்காது.

வீட்டுக்கு வந்தா குழாயில தண்ணி இல்ல. இவ்வளவு மழை பெய்யுது.

ஜூன் 22, திங்கள்

தேர்வு முடிஞ்சது. எழுதி முடிச்ச உடனே மார்க் தெரியுது, அதுதான் பெரிய விசேஷமாம். பத்து, ஒம்பது, பன்னெண்டுன்னு வந்துட்டே இருந்தது. அஜிதா: பத்தொம்பது.

திரையில ஒரு கரடி வந்து கை தட்டுது. "நன்று! மீண்டும் முயற்சி செய்!" சவம்.

அவ அழல்ல. டேப்ப துடைச்சு எங்கிட்ட தந்துட்டு, பெஞ்சுல போயி இருந்தா. அழுதிருந்தா எனக்கு கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

சாயங்காலம் இருந்து தப்பான ஆறையும் பாத்தேன். அஞ்சு உண்மையிலேயே தப்பு. பதினேழாவது கேள்வி: சக்கையிலிருந்து பெறப்படுவது எது? அ. காகிதம். ஆ. எண்ணெய். இ. பசை. ஈ. சாயம்.

பசைன்னு போட்டிருக்கா. சரியான விடை காகிதமாம்.

மத்த பிள்ளையளோடதையும் பாத்தேன். ரெண்டு பேரு எண்ணெய். மிச்சம் கிளாஸ் முழுக்க பசை. நானா இருந்தாலும் பசைன்னுதான் போடுவேன். சக்கை வெட்டினவளுக்குத் தெரியாதா? கத்தியில ஒட்டும், கையில ஒட்டும், முடியில ஒட்டினா முடிய வெட்டணும். காகிதமாம். எந்தக் கோட்டிக்காரன் எழுதின கேள்வியோ.

ஜூன் 23, செவ்வாய்

கம்பெனிக்கு போன் போட்டேன். பாட்டு, பாட்டு, பிறகு பிரகாஷ்னு ஒரு பையன். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. எங்க மாவட்டத்துக்கு அவன்தான் பொறுப்பாம்.

"பதினேழாவது கேள்விக்கு விடை தப்பா இருக்கு தம்பி. சக்கையிலேருந்து எங்கயாவது காகிதம் வருமா?"

"வருமுங்க மேடம். நீங்க எந்த சக்கையச் சொல்றீங்க?"

"எந்த சக்கையா? வருக்கையானாலும் கூழையானாலும் பசை உண்டு."

கீபோர்டு தட்டுத சத்தம் கேட்டது. பிறகு, "மேடம், கரும்பைப் பிழிஞ்ச பிறகு மிஞ்சுமுங்களே, அதுதான் சக்கை. நீங்க சொல்றது..."

"பலாப்பழம்" என்றேன்.

சிரிச்சான். நான் சிரிக்கல. இத்தனை வருஷமா இதே பாடம் நடத்துதேன். கரும்புச் சக்கை, காகித ஆலை, எல்லாம் தலைகீழா தெரியும். ஆனா முன்னால கரும்புன்னு ஒரு சொல்லு இல்லாட்டா எனக்கும் பலாதான் வந்து முன்னால நிக்குது. வெக்கமா இல்ல. கோவம்தான். எழுதினவன் ஒரு சொல்லு கூடப் போட்டிருந்தா என்ன, கை தேஞ்சிருமா?

புகார் எழுதிக்கிட்டான். மேல அனுப்புதானாம்.

அஜிதாட்ட சொன்னேன். கேட்டுட்டு நின்னவ, "கரும்பு சவைச்சு துப்புவோமே, அதையா டீச்சர்?"

"ஆமா."

"அதுக்குப் பேரெல்லாம் உண்டா?"

ஜூன் 25, வியாழன்

பதில் வந்தது. "வினாவும் விடையும் சரியானவை. மாற்றம் செய்ய இயலாது." கீழ அதே கரடி.

எச்.எம். "விடுங்க டீச்சர், அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம்" என்றார். அடுத்த வருஷம் அவ பத்தாம் கிளாஸ். பத்தாம் கிளாஸ் பிள்ளையள சனிக்கிழமை எங்கயும் விடமாட்டோம், ஸ்பெஷல் கிளாஸ் வைப்போம். அவருக்குத் தெரியாததா.

எனக்கு என்னத்துக்கு இவ்வளவு ஆத்திரமும் வெப்ராளமும்னு தெரியல. என் பிள்ளையா அது? மீன்காரியிட்ட சும்மா சண்டை போட்டேன். சாளை நல்ல சாளைதான், பாவம்.

ஜூன் 29, திங்கள்

வெயில். துணி காய்ஞ்சது.

மூணு டேப் சார்ஜ் ஏறல. பிரகாஷ் நேர்ல வந்தான். போன்ல பேசினவனேதான். நல்ல பையன், சின்ன வயசு. ஷூவெல்லாம் சேறு. ரப்பர் மரத்துல பால் பிடிக்கக் கட்டின சிரட்டைய ஒவ்வொண்ணா எட்டிப் பாத்துட்டு வந்தானாம்.

இன்னைக்கு ஸ்கூல் மரத்துல கடைசி சக்கை வெட்டு. சத்துணவு சமைக்குத அக்கா முற்றத்துல சாக்கு விரிச்சு பிளந்தாங்க. எப்பவும் போல பிள்ளைய எல்லாம் கையில எண்ணெ தேச்சுட்டு சுத்தி இருந்துதுவ. பிரகாஷயும் கூப்பிட்டோம். "பலாப்பழமா!" ன்னு நேரா கைய விட்டான். எண்ணெக்குப்பி அஜிதா கையில இருந்தது. அவ அசையல. நான் பாத்தேன். நானும் ஒண்ணும் சொல்லல.

நல்ல வருக்கை. அஞ்சாறு சுளை தின்னுட்டு டேப்ப எடுத்தான். விரல் ஒட்டிச்சு. தேச்சான், திரை முழுக்கப் பரவிச்சு. துணியால துடைச்சான், துணி ஒட்டிச்சு. சோப்புப் போட்டுக் கழுவினான், கை இன்னும் மோசமாச்சு. பிள்ளைய எல்லாம் கமுக்கமா பாத்துட்டு இருந்துதுவ.

"என்ன மேடம் இது, போகவே மாட்டேங்குது. எதுலேர்ந்துங்க வருது இந்தப் பசை?"

அஜிதா எழும்பி நின்னா. கிளாஸ்ல பதில் சொல்லுத மாதிரி கைய கட்டிட்டு, "சக்கையிலேருந்து சார்."

பிரகாஷ் அவளப் பாத்தான். என்னப் பாத்தான். பைய, "பதினேழாவது கேள்வி" என்றான்.

"அந்தப் பிள்ளைதான்" என்றேன். "பத்தொம்பது."

அதுக்குப் பிறகுதான் எண்ணெக்குப்பிய நீட்டினா. அவன் வாங்கல. முதல்ல எங்கிட்ட, என் போன்லயே கையையும் டேப்பையும் சேத்து போட்டோ எடுக்கச் சொன்னான். அவன் நம்பருக்கு அனுப்பினேன். ஆபீசுக்கு என்ன எழுதினான்னு தெரியாது. போகும்போது ரெண்டு சுளை பேப்பர்ல பொதிஞ்சு கேட்டான்.

ஜூலை 2, வியாழன்

கம்பெனி மெயில். பதினேழாவது கேள்விக்கு ரெண்டு விடையும் ஏற்கப்படுமாம், இந்த மாவட்டத்துக்கு மட்டும். அஜிதா இருபது. லிஸ்ட்ல பேரு இருக்கு.

எச்.எம். தானே அவட்ட சொல்லுவேன்னார். சொல்லட்டும். நான் ஜன்னல் வழியா பாத்தேன். தலைய ஆட்டிட்டு நேரா ஓடினா, பாத்ரூம் பக்கம். வந்தபோது மூஞ்சி கழுவியிருந்தா. எனக்கு ரொம்ப சந்தோஷம். ரொம்ப நாளைக்குப் பிறகு இப்பிடி ஒரு சந்தோஷம். கடையில போயி முறுக்கு வாங்கித் தின்னேன்.

குடை இன்னும் நன்னாக்கல.

ஜூலை 4, சனி

தூறல். அஜிதாவுக்கு பயிற்சி முதல் நாள். அவ அப்பாவுக்கு பால்வெட்டு முடியல, பஸ் ஏத்திவிட நான் போனேன். புதுச் செருப்பு. இரட்டைச் சடை. இடது கை விரல மடக்கியே வச்சிருந்தா.

"கையில என்னட்டி?"

விரிச்சு காட்டினா. பேனாவுல பொடி எழுத்து. சக்கை: பலாப்பழம். கைதச்சக்கை: அன்னாசி. மரச்சீனி: மரவள்ளி. சாளை: மத்தி.

"என்னத்துக்கு இது?"

"அங்க சொல்லித்தாறது எல்லாம் வெளியூர் சாருவளாம். வாய் தவறி நம்ம பேச்சு வந்திரக்கூடாதுல்லா டீச்சர்."

அந்தப் பேச்சுலதானட்டி நீ ஜெயிச்சன்னு சொல்ல வாய் வந்தது. அங்க ஆரும் சிரிக்கமாட்டாவன்னும் சேத்துச் சொல்லணுமே. அதுக்கு எனக்கு தைரியம் இல்ல.

பஸ் வந்தது. ஒரு கையால கம்பியப் பிடிச்சு ஏறினா. மறு கைய மழைத்தண்ணி படாம மூடியே வச்சிருந்தா.