விறகு கேட்காத மன்னிப்பு

அக்கா,

இன்று காலை ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்பு போடிமெட்டு வளைவுகளில் ஏறும்போது, பக்கத்தில் இருந்தவளின் துவைக்காத வேலைச்சட்டையிலிருந்து பச்சை ஏலக்காய் வாசம் வந்தது. கடையில் விற்கும் காயின் வாசமில்லை. செடியடியில் குத்தவைத்துப் பறிக்கும்போது விரலில் ஒட்டுமே, அந்த ஈர வாசம். உடனே உன் ஞாபகம்தான். நீ கண்ணை மூடி ஒரு வருஷமாகிறது. இந்த ஜீப்பில் உன்னைப்போல வாயடிக்க இன்னும் ஓர் ஆள் வரவில்லை.

அந்த மழைநாளை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். ஏலச்செடியின் அடியிலிருந்து தரையோடு ஓடும் சரத்தில் விளைந்த காயை மட்டும் பறித்து, பூவையும் பிஞ்சையும் அடுத்த பறிப்புக்கு விட்டுவைக்க வேண்டும். மழை ஒரு பக்கம், அட்டைக்கடி ஒரு பக்கம். நான் அவசரத்தில் சரத்தோடு பிய்த்துக் காயை உருவினேன். பிய்ந்த சரங்களை உன் வரிசைச் செடிக்கடியில் தள்ளிவிட்டேன். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு உன்மேல் பாய்ந்தார். "நான் பிய்க்கலைங்கய்யா" என்று மட்டும் சொன்னாய். அவர் நம்பவில்லை, நாளையிலிருந்து வராதே என்று நிறுத்திவிட்டார். நான் தலை நிமிராமல் பறித்துக்கொண்டே இருந்தேன். அத்தனை கோழை நான்.

அதற்குப் பிறகுதான் எனக்கு விறகுப் பைத்தியம் பிடித்தது. சிலமலையில் உன் வீட்டு வாசலில் வாரந்தவறாமல் ஒரு கட்டு இறக்குவேன். "என்ன ஆத்தா, எம்மேல திடீர்னு இம்புட்டுப் பாசம்?" என்று சிரிப்பாய். மாரியம்மனைக் கும்பிட்டு வளர்ந்த நான், ஞாயிறுதோறும் உன்னோடு சபைக்கும் வந்து கடைசிப் பாயில் உட்காரத் தொடங்கினேன். பாவத்தை வாயால் ஒத்துக்கொண்டு இயேசுவை நம்பினால் போதும், மீட்பு இலவசம் என்று பாஸ்டர் சொல்வார். எனக்கு எரிச்சலாக வரும். செய்ததற்குச் சுமக்காமல் எப்படித் தீரும்?

ஒருநாள் விறகை இறக்கியவள் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன். "சரத்தைப் பிச்சது நான்தான்க்கா."

"தெரியும்டி. அந்த ரெண்டு வரிசையில உன்னையும் என்னையும் தவிர வேற யாரு இருந்தா?"

"அப்ப ஏன்க்கா என்னைய ஒரு வார்த்தை கேக்கல?"

"அன்னைக்கே மன்னிச்சுட்டேன். நீ வாயத் தொறந்தாத்தான உனக்கு வந்து சேரும்? விறகுக்காக மன்னிச்சேன்னு மட்டும் நெனச்சுராத, கொன்னுபுடுவேன்."

மறுநாளே சூப்பர்வைசரிடம், எல்லோரும் கேட்கச் சொன்னேன். நீயும் பக்கத்தில் நின்றாய். அவர் வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டி என்னை நிறுத்தினார். உன்னைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். என்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி வாரக்கணக்கில் அவரை நச்சரித்தவளும் நீதான்.

சொல்வது ஒரு நாளில் முடிந்தது. நம்புவதுதான் பெரும்பாடாக இருந்தது. அடுத்த ஞாயிறும் விறகோடு வந்து நின்றேன். உனக்குக் கோபம் வந்தது. "மன்னிச்சுட்டேன்னு சொல்லியும் நீ சுமந்தா, நான் பொய்க்காரின்னுதான அர்த்தம்? கொண்டு போடி!" கட்டைத் திரும்பத் தலையில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் அழுகையும் சிரிப்புமாக வந்தது. சபையில் சொன்னது அன்றைக்குத்தான் எனக்கு லேசாக விளங்கியது.

போன ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் எடுத்தேன், அக்கா. நீ இருந்திருக்க வேண்டும். தண்ணீரில் நிறுத்தி, "இயேசு உன் பாவத்தை மன்னித்தார் என்று விசுவாசிக்கிறாயா?" என்று பாஸ்டர் கேட்டார். உன் வார்த்தையை நம்பப் பழகிய மனசு, இயேசுவின் வார்த்தையையும் நம்பியது. "நம்புறேன்யா" என்று நான் போட்ட சத்தத்தில் கரையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

தினமும் ஜெபத்தில் அந்தச் சரத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான். ஞாயிற்றுக்குப் பிறகு ஒருதரம்கூடக் கேட்கவில்லை, அக்கா. நன்றி மட்டும் சொல்கிறேன்.