நாலு மணிச் சாவி

வீரபாண்டி
8-6-2005

அம்மிணி ரங்காத்தாளுக்கு,

உன்ற கடுதாசி வந்துச்சு. படிச்சு முடிக்கறதுக்குள்ள பாதிப் பொழுது போயிருச்சு. நானும் எட்டாப்புத் தாண்டாதவன்தான். ஆனா எம்பட எழுத்து நேரா நிக்கும். உம்பட எழுத்து தறிக்கடியில உழுந்த நூலாட்டம் கெடக்குது. போன்ல பேசலாம்னா உனக்குக் காது கேக்காது. நாங் கத்துனா சாமளாபுரம் பூராக் கேக்கும். கத்திச் சொல்ற சேதியா இது? கடுதாசியே போடு.

என்ற சின்னப் பையன் சசிகுமாரு கோயமுத்தூரு செயில்ல இருந்து வந்துட்டான், பேத்தி அனுப்பிரியா இருக்கற ஊட்டுல அவனை வெச்சுக்க மருமவ ஒத்துக்க மாட்டேங்கறா, நீங்க வாடகைக்கு உடற லைன் ஊட்டுல கடைசிக் கதவு காலியா இருந்தாக் குடுங்கண்ணான்னு எழுதியிருந்த. கதவு காலியாத்தான் இருக்குது. பக்கத்து ஊட்டுச் சின்னப்புள்ளகிட்டத் தப்பா நடந்தான்னு போட்ட கேசு, எடத்தகராறுல சோடிச்சதுன்னு நீ அன்னிக்கிருந்தே சொல்ற. எனக்கு அதைப் பத்திப் பேசவே நாக்கு வரமாட்டேங்குது. ஆனாலும் நீ எனக்கு ஒரே தங்கச்சி. அனுப்பி வை.

ஒன்னு சொல்றேன் கேட்டுக்க. இங்க குடியிருக்கறதெல்லாம் மதுரைப் பக்கம், தேனிப் பக்கம் இருந்து பனியன் கம்பெனிக்கு வந்த சனம். புருசனும் பொண்டாட்டியும் காத்தால போனா ஒன்னரை ஷிப்ட்டு முடிச்சு இருட்டுனப்புறந்தான் வருவாங்க. போறப்ப ஊட்டுச் சாவியக் கொண்டாந்து எங்க ஊட்டு முன்னால இருக்கற ஆசாரத்து ஆணியில மாட்டிட்டுப் போவாங்க. நாலு மணிக்குப் பள்ளிக்கோடம் உட்டதும் புள்ளைக என்கிட்ட வந்து சாவி வாங்கும். நாஞ் சும்மா குடுக்கறதில்லை. மொக்கைச்சாமி மக வேல்விழின்னு ஒன்னு இருக்குது. "உங்க சாவிய எலி தின்னுபோட்டுதே கண்ணு"ம்பேன். இடுப்புல கைய வெச்சுக்கிட்டு, "எலிக்கு இரும்பு செமிக்காது தாத்தா, எடுங்க"ங்கும். உங்கண்ணி போனப்புறம் எனக்குன்னு இருக்கற உத்தியோகம் இது ஒன்னுதான்.

இவங்ககிட்ட, பம்பாய் மில்லுல இருந்து வந்த பையன்னு சொல்லிப்போடறேன். அவனுக்கு நாலு வார்த்தை இந்தி கத்துக் குடுத்து அனுப்பு.

உன் அண்ணன்
பொங்கியண்ணன்

---

சாமளாபுரம்
2-7-2005

அண்ணனுங்களுக்கு ரங்காத்தா கும்பிட்டு எழுதறது.

நீங்க செஞ்ச உதவிய நான் கண்ணை மூடற வரைக்கும் மறக்க மாட்டேனுங்க. பையன் நேரத்துக்கு சோறு திங்கறானுங்களா? அவனுக்குக் கத்திரிக்கா ஆவாதுங்க, சின்னதுல இருந்தே. பஸ்ஸுல ஆள் வந்தாத் தட்டைப்பயிறு குடுத்து உடறேன்.

எழுத்தைக் கேலி பண்றீங்க. கண்ணுல தண்ணி நின்னா எழுத்து எப்படிங்க நேரா வரும்.

அவனைத் தோண்டித் தோண்டி ஒன்னுங் கேக்காதீங்க. மருமவ இருக்கறப்ப அவன் பேரைக் கூட எடுக்க முடியறதில்லை. அனுப்பிரியா, "சித்தப்பன் எங்க இருக்காங்க ஆத்தா"ன்னு கேக்குது. பம்பாய்லன்னு நானுஞ் சொல்லி வெச்சிருக்கறேன். ரெண்டு பேரும் ஒரே பொய்யச் சொல்றோம், அந்த மட்டுக்கும் நல்லது.

உங்க தங்கச்சி
ரங்காத்தா

---

வீரபாண்டி
21-8-2005

அம்மிணி,

கண்ணுல கட்டுப் போட்டுக்கிட்டு எழுதறேன். அதனால இந்தத் தடவை என்ற எழுத்தும் உன்ற எழுத்தும் அண்ணன் தங்கச்சியாட்டம் இருக்கும்.

கண் ஆப்பரேசனுக்கு வெள்ளிக்கெழமை வரச் சொல்லியிருந்தாங்க. ஆணி நெறையச் சாவி தொங்குது. நாலு மணிக்கு எடுத்துக் குடுக்க ஆள் வேணும். சசிய ஆசாரத்துல உக்கார வெச்சு, "புள்ளைக வந்தா சாவிய மட்டும் குடு, வேற பேச்சு வேண்டாம்"னு சொல்லிப்போட்டுப் போனேன். சொந்தக்காரன் ஊட்டுல இருக்கறப்ப சாவிய வெளியாள் கையில குடுக்கறதாங்கற நெனப்பு எனக்கு. அங்கதான் தப்புப் பண்ணிட்டேன்.

அன்னிக்கு மத்தியானம் உங்க ஊருக்காரன் ஒருத்தன் துணி ஏத்திக்கிட்டு இந்தப் பக்கம் வந்திருக்கறான். சசி வாசல்ல நிக்கறதைப் பாத்துட்டு, லைன்ல குடியிருக்கற காசிமாயன்கிட்ட எல்லாத்தையுஞ் சொல்லிப்போட்டான். காசிமாயன் உழுந்தடிச்சு ஓடி, கம்பெனில துணி செக்கிங்ல நின்னுக்கிட்டிருந்த வேல்விழியோட அம்மா சீனியம்மாகிட்டச் சொல்ல, அந்தப் பொம்பள பாதி வேலைல ஓடி வந்திருக்கறா. இவ வந்து சேர்றப்ப, வேல்விழி கைய நீட்டிக்கிட்டு நிக்குது. சசி சாவியக் கையில வெக்கறான். அவ்வளவுதான் நடந்தது. புள்ளையத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கே போயிட்டாளாம்.

மறுநாள் நாங் கட்டோட வந்து எறங்குனேன். சீனியம்மா வந்து நின்னா. எப்பவும் போல, "என்னம்மா, ஒத்தைக் கண்ணு மாப்பிள்ளைக்கு ஆரத்தி எங்க?"ன்னு கேட்டுத் தொலைச்சேன். சிரிக்கலை.

"ஐயா, உங்களை எங்கப்பன் மாதிரி நெனச்சு சாவியக் குடுத்தோம். பம்பாய்னு சொன்னீகளே? தெரிஞ்சே சொன்னீகளா, தெரியாமச் சொன்னீகளா? அத மட்டுஞ் சொல்லுங்க."

தெரிஞ்சேதான்னேன்.

"நாங்க கம்பெனில நிக்கிறப்ப எங்க புள்ளைக்கு அப்பன் ஆத்தா எல்லாம் இந்த ஆணிதான்யா"ன்னா. ஆணியில இருந்து அவ சாவிய எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

நீ கேக்க வேண்டாம்னு சொன்ன. சசிகிட்டக் கேட்டுட்டேன். "ஏண்டா, சோடிச்ச கேசா?"ன்னேன். கீழ பாத்துக்கிட்டே இருந்தான். "இல்லீங் மாமா. செஞ்சேன்"னான்.

உனக்குச் சொல்லாம இருக்க முடியலை.

பொங்கியண்ணன்

---

சாமளாபுரம்
29-8-2005

அண்ணனுங்களுக்கு,

கேக்க வேண்டாம்னு சொன்னதைக் கேட்டுப்போட்டீங்க. செயில்ல அடிச்சு அடிச்சு அவனை அப்படிச் சொல்லப் பழக்கியிருப்பாங்க. பயந்த பையன், நீங்க உறுக்கிக் கேட்டா ஆமான்னுதான் சொல்லுவான்.

சாவிதானுங்களே குடுத்தான்? அதுக்கு இத்தனை அழிச்சாட்டியமா? பொழைக்க வந்த சனம், வாடகைக்கு இருக்கறவங்க. புடிக்கலைன்னாக் காலி பண்ணிக்கிட்டுப் போகட்டும். நாளைக்கே வேற சனம் வரும். நீங்க ஊட்டுக்காரரு, நீங்க எதுக்கு அவங்களுக்குப் பயப்படறீங்க? கூடப் பொறந்தவளுக்கு மேல சீனியம்மா பெரிசாப் போயிட்டாளா?

தண்டனைய அனுபவிச்சுட்டு வந்தவனுக்கு ஒரு கதவு கூட இல்லைன்னா அவன் கெணத்துலதான் உழுகோணும். அவனை வெளிய அனுப்புனா எனக்கு அண்ணன் இல்லைன்னு நெனச்சுக்கறேன்.

ரங்காத்தா

---

வீரபாண்டி
18-9-2005

அம்மிணி,

உன்ற கடுதாசிய மடிச்சு மடிச்சு வெச்சுப் படிக்கறேன். கோவத்துல எழுதுனா உன்ற எழுத்து நல்லா வருது. இனிமே கோவமாவே எழுது.

இப்ப என்ற ஆணியில ஒரு சாவி கூட இல்லை. பல்லு போன வாயாட்டம் இருக்குது செவுரு. நாலு மணிக்கு ஆசாரத்துல போயி உக்காந்துக்கறேன், பழக்கதோசம். புள்ளைக கேட்டுக்கு வெளியவே பையோட நிக்குதுக. உள்ள வரக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கறாங்க. போன வாரம் மழை. வேல்விழி டீக்கடைத் தகரத்துக்கடியில நின்னுக்கிட்டு என்னையப் பாத்துச்சு. நாங் கைய ஆட்டுனேன். அது ஆட்டலை. எலிக் கதை சொல்ல வாய் வந்துச்சு, அப்படியே மூடிக்கிட்டேன்.

சீனியம்மா ஒன்னரை ஷிப்ட்டை உட்டுப்போட்டு ஒத்தை ஷிப்ட்டுக்குப் போறா. ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில குளிக்க பொம்பளைக ஒருத்திக்கு ஒருத்தி காவல் நிக்கறாங்க. காசிமாயன் காலி பண்ணிட்டான். மிச்சம் இருக்கறவங்க கூடி ஸ்டேசனுக்குப் போயிருக்கறாங்க. "தண்டனை முடிஞ்சு வந்த ஆளை நாங்க என்ன பண்றது, ஊட்டுக்காரரைப் பாருங்க"ன்னு அனுப்பிப்போட்டாங்களாமா. மொக்கைச்சாமி வந்தான். சண்டைக்கு வரலை. சண்டைக்கு வந்திருந்தாத் தேவலை.

"ஐயா, அவரு திருந்தியிருக்கலாம். நான் இல்லைங்கலை. அதைப் பாத்துத் தெரிஞ்சுக்க எம்மகளை நான் குடுக்க முடியாதுல்ல?"ன்னான்.

நீ எனக்கு இதுக்கு ஒரு பதில் எழுது, நான் அவங்கிட்டப் போய்ப் படிச்சுக் காட்டறேன்.

வேற சனம் வரும்னு எழுதியிருந்த. வரும். அந்த சனத்துக்கும் புள்ளை இருக்கும். அதுக்கும் நான் பம்பாய்ன்னு சொல்லோணும். இன்னொன்னு கேக்கறேன், கோவிச்சுக்கிட்டாலுஞ் சரி. உம் பேத்தி இருக்கற ஊட்டுக்கு ஆவாதவன், சீனியம்மா புள்ளை இருக்கற லைனுக்கு மட்டும் எப்படி ஆனான்? இதை மொதக் கடுதாசியிலயே நாங் கேட்டிருக்கோணும். கேக்கத் தோணலை. அவங்க பொழைக்க வந்தவங்கன்னு எனக்குள்ளயும் எங்கயோ இருந்திருக்குது.

அவனைத் தெருவுலயும் உடலை. நம்ம அப்பன் காட்டுக்குள்ள கட்டுன சாளை ஊடு சும்மாத்தான் கெடக்குது. சாயப்பட்டறைத் தண்ணி எறங்கிக் கெணறு கெட்டதுல இருந்து அந்தப் பக்கம் ஒரு குடித்தனம் இல்லை, ஒரு புள்ளை இல்லை. சசியக் கூட்டிக்கிட்டு நானும் அங்க போறேன். தனியா உட்டா நீ சொன்ன கெணறு அங்கதான் இருக்குது. பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டே இருக்கோணும், அவனுக்காகவும் மத்தவங்களுக்காகவும். ஒத்தைக் கண்ணை சரி பண்ணுனது இதுக்குத்தான் போல.

லைனைப் பாத்துக்கற வேலைய சீனியம்மாகிட்ட ஒப்படைச்சுட்டேன். ஆசாரத்துச் சாவியும் அவகிட்டத்தான். "நீங்க எதுக்குய்யா போறீக?"ன்னா. இருங்கன்னு சொல்லலை. சொல்லுவான்னு கொஞ்சம் நெனச்சேன்.

அண்ணன்

---

காட்டுச் சாளை
23-10-2005

அம்மிணிக்கு,

பதிலைக் காணம். கோவத்துல எழுத்து நல்லா வருதுன்னு சொன்னதுக்கு எழுதறதையே நிறுத்திப்போட்டியா?

இங்க ஆளை விட மயிலு எச்சா இருக்குது. தண்ணி, லாரிக்காரன் வந்தாத்தான். நாஞ் சோறாக்குனா சசி பேசாம திங்கறான். அந்த சோத்தைத் திங்கறதே ஒரு தண்டனைன்னு சொன்னேன். லேசா சிரிச்சான். அப்புறம் எந்திரிச்சு வெளிய போயிட்டான். நாள்ல பேசறது ஒரு பத்து வார்த்தை, அதுல பாதி 'சரீங் மாமா'. அவனைப் பாத்தாப் பாவமாவும் இருக்குது, பாவம்னு நெனச்சா அந்தப் பக்கத்து ஊட்டுப் புள்ளை நெனப்பும் வந்துருது. ரெண்டையும் தூக்கிக்கிட்டு நடக்கறதுக்கு எனக்கு வயசு பத்தலை.

வெள்ளிக்கெழமை வீரபாண்டி போயி எட்டிப் பாத்தேன். கேட்டுக்கு வெளியவே நின்னுக்கிட்டேன். ஆணி நெறையச் சாவி. நாலு மணிக்கு சீனியம்மா மாமியா மருதம்மா சாவி எடுத்துக் குடுக்கறா. வேல்விழி வாங்கிட்டுத் திரும்புனதும் என்னையப் பாத்துட்டு, "தாத்தா, எலி ஊருக்குப் போயிருச்சா?"ன்னு உள்ள இருந்தே கத்துச்சு. ஆமா கண்ணுன்னேன். கிட்ட வரலை. வரச் சொல்லவும் இல்லை நான்.

தீவாளி நோம்பிக்கு வருவியா மாட்டியான்னு ஒரு வரி எழுது. கிறுக்கலா இருந்தாலும் பரவால்லை.

பொங்கியண்ணன்

---

சாமளாபுரம்
6-11-2005

அண்ணனுங்களுக்கு,

என்ற பேத்தியப் பத்தி நீங்க கேட்டதுக்கு இத்தனை நாளும் பதில் எழுத உக்காந்து உக்காந்து எந்திரிச்சேனுங்க.

செயில்ல இருந்து சசி வந்து நின்ன அன்னிக்கு, மருமவ வேண்டாம்னு ஒரு வார்த்தையுஞ் சொல்லலீங்க. அவ தண்ணி மொண்டுக்கிட்டு வந்து, உள்ள வாங்கன்னுதான் சொன்னா. அனுப்பிரியா உள்ள படிச்சுக்கிட்டிருந்துச்சு. வாசல்ல குறுக்க நின்னுக்கிட்டு, இந்த ஊட்டுக்குள்ள காலை வெக்காதடான்னு சொன்னது நாந்தானுங்க.

ஞாயித்துக்கெழமை சாளைக்கு வர்றேன். கத்திரிக்கா வாங்கி வெக்காதீங்க. நான் மட்டுந்தான் வர்றேன்.

ரங்காத்தா