தீர்ந்துபோகாத பிரசுரம்

ஜூலை 8, செவ்வாய்

பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் என் எதிரே உட்காரும் ஒடிசாக்காரன் சுபாஷ் இன்று மதியம் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டான். நான்கு நாள் காய்ச்சல்தான். ஊரிலிருந்து அவன் மனைவி வந்துசேர இரண்டு நாள் ஆகும்.

பிணவறை வாசலில் முதலாளி என்னிடம் வந்தார். "ஏனுங்க, நீங்க வேதக்காரருங்க. அந்த மனுசனுக்கு இங்க யாருமில்லீங்க. ஒரு ஜெபம் பண்ணுங்க."

பண்ணினேன். முடித்ததும் கேட்டார், "நல்ல எடத்துக்குத்தான் போயிருப்பான், இல்லீங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

இயேசுவை அறியாமல் இறந்தவனைப் பற்றி எங்கள் சபையில் அப்படிச் சொல்வதில்லை. சுவிசேஷம் கேள்விப்படாதவர்களின் கதி என்ன என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, எம்.ஏ. படித்த திமிர் என்று எல்லார் முன்னாலும் சொன்னார் போதகர். அதை நான் மறக்கவில்லை. ஆனால் சுபாஷ் கேள்விப்படாமல் போனதற்குப் போதகர் காரணமில்லை.

வடக்கத்தி ஆட்களுக்குக் கொடுக்கச் சொல்லி சபையில் இந்தியில் சுவிசேஷத் துண்டுப் பிரசுரங்கள் தந்தார்கள். மேசையில் எல்லோருக்கும் கொடுத்தேன், அவனைத் தவிர. நான் பாஸ் பண்ணிய பனியனில் ஓட்டையைக் கண்டுபிடித்து முதலாளியிடம் காட்டியவன் அவன். அவனே கை நீட்டினான்.

"அண்ணா, எனக்கு இல்லே?"

"தீந்து போச்சுல, போ."

தீரவில்லை. சாப்பாட்டுப் பையில் இன்னும் ஒன்று இருக்கிறது. எண்ணெய்க் கறையோடு இப்போது என் முன்னால் கிடக்கிறது. விளக்கை அணைக்கப் பயமாக இருக்கிறது. அவனுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று நியாயத்தீர்ப்பு நாளில் என்னைக் கேட்பார்கள். தீர்ந்துபோயிற்று என்று அங்கே சொல்ல முடியாது.