அறுபத்திரண்டாவது வரி

சிவனி, மத்தியப் பிரதேசம்
9.1.2025

அன்பு மகள் பூவிழிக்கு,

அப்பா நலம். லாரியும் நலம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட முதுகுதான் புலம்புகிறது.

ரோட்டில் உயிரோடும் அடிபட்டும் பார்க்கும் பிராணிகளை எழுத நீ கொடுத்த கணக்கெடுப்புத் தாளை அட்டையில் செருகி, கிளிப் போட்டு வைத்திருக்கிறேன். போனில் சொன்னால் கதை சேர்த்துவிடுவேன் என்று உனக்குப் பயம். நியாயமான பயம்தான். ஜெயங்கொண்டத்தில் முந்திரி ஏற்றியதிலிருந்து இதுவரை முப்பத்தெட்டு வரி ஆகிவிட்டது. கர்நூலுக்கு முன்னால் கொம்பு திருகிய மான்கள் ஏழு, உயிரோடு. இருபத்தொன்றாம் வரியில் 'பூனை மாதிரி, ஆனால் பூனை இல்லை' என்று போட்டிருக்கிறேன். எட்டாவது படித்தவனிடம் அதற்குமேல் எதிர்பார்க்காதே.

நாக்பூர் தாண்டிக் காட்டுக்குள் ரோட்டையே பாலம் போலத் தூக்கி, அடியில் விலங்குகள் போக வழி விட்டிருக்கிறார்கள். என்னோடு மாற்றி ஓட்டும் கொளஞ்சிக்குப் பொறுக்கவில்லை. "புலிக்கு சப்வே கட்டிருக்கான்ணே. நம்மூர்ல ஸ்கூல் புள்ளைங்களுக்கே இல்ல" என்கிறான்.

'எந்த வண்டி மோதியது' என்ற கட்டத்தில் எல்லாம் 'தெரியாது' என்றே எழுதியிருக்கிறேன். நம் வண்டி இல்லை என்பது மட்டும் தெரியும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடித்ததில்லை. உன் அம்மா கமலவேணியே ஒத்துக்கொள்ளும் ஒரே பெருமை இதுதான்.

உன் அப்பன்,
ராஜவேல்


திருச்சி
20.1.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

தாள் வந்தது. அந்தப் 'பூனை இல்லாத பூனை' புனுகுப்பூனையாக இருக்கலாம். என் அறைத்தோழி ஹேமலதா அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்துச் சிரிக்கிறாள்.

மார்ச் கடைசியில் இந்த ஆய்வைத் துறையில் எல்லார் முன்னாலும் நான் படிக்க வேண்டும். நன்றிப் பக்கத்தில் முதல் பெயர் உங்களுடையதுதான். 'ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடிக்காத லாரி ஓட்டுநர்' என்றே போட்டிருக்கிறேன். அடுத்த சவாரியிலும் விடாமல் எழுதுங்கள். பெரம்பலூர் - அரியலூர் ரோடு எனக்கு முக்கியம். வண்டியை நிறுத்தித்தான் எழுத வேண்டும், தாளின் தலையிலேயே அச்சடித்திருக்கிறேன் பாருங்கள்.

அன்பு மகள்,
பூவிழி


விக்கிரமங்கலம்
11.2.2025

அன்பு மகளுக்கு,

நேற்று முன்தினம் சவாரி முடித்து வந்தோம். தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். பெரம்பலூர் தாண்டியதும் விடிந்தது. அறுத்து முடித்த மக்காச்சோளக் கொல்லையில் மயில்கள் நின்றன. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

அம்மா முறுக்கு கொடுத்தனுப்புகிறாள்.

நன்றிப் பக்கத்தில் அந்தக் கோழிக்குஞ்சு பேச்சு வேண்டாம் பாப்பா. கடை விளம்பரம் மாதிரி இருக்கிறது.

அப்பா


திருச்சி
17.2.2025

அப்பாவுக்கு,

முறுக்கு வந்தது. உங்கள் கடிதத்தில் ஒரு கேலிகூட இல்லை. அதனால்தான் தாளை இரண்டு தடவை பார்த்தேன்.

61-ஆம் வரி: மயில் 4, உயிரோடு, காலை 6.35. கடைசி எழுத்திலிருந்து பேனா தாளின் ஓரம் வரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. 62-ஆம் வரி: நரி, அடிபட்டது. அதே கிலோமீட்டர் கல், அதே 6.35. எந்த வண்டி: தெரியாது.

அதன் பக்கத்தில் எதையோ எழுதி அடித்திருக்கிறீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 'திரும்பிப் பார்த்தது' என்று இருக்கிறது.

செத்துக் கிடந்த நரி எப்படிப்பா திரும்பிப் பார்க்கும்?

பூவிழி


விக்கிரமங்கலம்
24.2.2025

பூவிழிக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. அரிசி டின்மேல் வைத்துவிட்டு அந்தப் பக்கமே போகவில்லை. பசிக்கவில்லை என்றேன், அம்மா சுகர் டெஸ்டுக்கு இழுத்துப்போய்விட்டாள். ரத்தத்தில் ஒன்றும் இல்லையாம்.

நான்தான் அடித்தேன்.

எப்போதும் டீக்கு நிறுத்தும்போதுதான் எழுதுவேன். அன்றைக்கு வீடு கிட்டே வந்துவிட்ட அவசரம். நம்மூர் ரோட்டில் நாலு மயில் என்றால் நீ துள்ளிக் குதிப்பாயே என்ற ஆசை வேறு. அட்டையை ஸ்டியரிங்மேல் சாய்த்து, ஓட்டிக்கொண்டே எழுதினேன். நிமிர்ந்தால் நடு ரோட்டில் நரி. பிரேக்கை மிதித்தேன். மிதித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பெரிய வண்டிக்கு அது ஒன்றுமே இல்லை. சின்னதாக ஒரு சத்தம். தூங்கிக்கொண்டிருந்த கொளஞ்சி எழுந்து, "என்னண்ணே சத்தம்?" என்றான். "பள்ளம்டா" என்றேன்.

சைடு கண்ணாடியில் பார்த்தேன். சாகவில்லை. முன்னங்காலை ஊன்றிக்கொண்டு, தலையைத் திருப்பி வண்டியைப் பார்த்தது. காலையில் நரியைப் பார்த்தால் யோகம் என்று டிரைவர்கள் நாங்கள் பேசிக்கொள்வோம். அது என்னைப் பார்த்ததே, அதற்கு என்ன யோகம் வந்தது பார்.

நிறுத்தவில்லை. சாயங்காலம் பைக்கை எடுத்துக்கொண்டு அந்தக் கல்லுக்குப் போனேன். கறை மட்டும் இருந்தது.

அடித்தது ஒரு நிமிஷத்துத் தப்பு. 'தெரியாது' என்று எழுதியது அப்படி இல்லை. வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து எழுதினேன். அதை வைத்துக்கொண்டு நீ நாலு பேர் முன்னால் நிற்கப்போகிறாய். கண்ணாடியில் முகம் பார்த்துச் சவரம் பண்ணக்கூடக் கூசுகிறது. என் பேரை எடுத்துவிடு.

ராஜவேல்


திருச்சி
1.3.2025

அப்பாவுக்கு,

பெயரை எடுப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. நரிக்காக அழுதேன். அதற்கப்புறம் அந்தத் 'தெரியாது'தான் உறுத்திக்கொண்டே இருந்தது. என்மேலும் கொஞ்சம் கோபம்தான். ஓட்டுகிறவர் கையில் பேனாவைக் கொடுத்துவிட்டு, நிறுத்தி எழுதுங்கள் என்று அச்சடித்தால் போதும் என்று நினைத்தேனே.

62-ஆம் வரியை அழிக்க மாட்டேன். தாளைத் திருப்பி அனுப்புகிறேன், திருத்திக் கொடுங்கள்.

இனிமேல் ஓட்டாதவர்தான் எழுத வேண்டும். புதுத் தாள்களும் பேனாவும் கொளஞ்சி சித்தப்பாவுக்கு. அவரிடம் கொடுக்கும்முன், அன்றைக்கு அது பள்ளம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். அம்மாவிடம் நான் சொல்லமாட்டேன். அதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பூவிழி


பெரம்பலூர்
10.3.2025

பூவிழிக்கு,

உன் கடைசி இரண்டு கடிதத்திலும் கையெழுத்துக்குமேல் 'அன்பு மகள்' இல்லை. கேட்கவில்லை, பார்த்தேன் என்று மட்டும் சொல்கிறேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு இன்னொரு தோசை வைத்தாள். திட்டியிருக்கலாம்.

இன்று காலை டீக்கடையில் கொளஞ்சியிடம் சொன்னேன். வாயைத் திறக்க மூன்று டீ ஆனது. அவன் கிளாஸைக் கீழே வைத்தான்.

"பள்ளத்துக்கு எவனாச்சும் அரியலூர் வரைக்கும் கண்ணாடியையே பாத்துகிட்டு ஓட்டுவானாண்ணே? அன்னிக்கே தெரியும்."

"ஏன்டா கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஒரு மாசம் ஆக்கிட்டீங்க."

ஒரு மாதமாக அவன் பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் ஊர் உலகத்துக்கு நியாயம் பேசிக்கொண்டிருந்தேன். அவனும் "ஆமாண்ணே" என்று கேட்டுக்கொண்டு வந்தான்.

திருத்திய தாளை வைத்திருக்கிறேன். 'எந்த வண்டி' கட்டத்தில் நம் வண்டி நம்பர். 'ஓட்டியவர்' என்று உன் தாளில் கட்டம் இல்லை. ஓரத்தில் நானே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பேரை எழுதிவிட்டேன். வண்டி நிற்கும்போதுதான் போட்டேன். இருந்தும் கோணல்தான்.

புதுத் தாளும் இதோடு இருக்கிறது. அரியலூரிலிருந்து இங்கே வருவதற்குள் கொளஞ்சி ஐந்து வரி எழுதிவிட்டான். என்ன பிராணி, உயிரோடா இல்லையா, எனக்குத் தெரியாது.

இந்தத் தடவை நிஜமாகவே தெரியாது. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராஜவேல்