சாப்பிட்டுவிட்டு வைத்த பலிச்சோறு

அநியாயத்துக்கு அவசரப்பட்டுக் கிளம்பிப்போன என் செல்ல அப்பாவுக்கு,

முதலில் வீட்டுச் செய்தி. இப்போதுதான் பாதிக் கஞ்சி குடித்தேன். மீதியைச் சற்று நேரம் கழித்து. கழித்து என்றதும் ஞாபகம் வருகிறது. பக்கத்து வீட்டுச் சேச்சி "கழிச்சோ?" என்று கேட்டால், சாலைக் கடைத்தெருவில் நாள் முழுக்கக் கணக்கு எழுதிவிட்டு வரும் நீங்கள், "நான் கூட்டிட்டு வாறேன், மக கழிச்சிட்டா" என்பீர்கள். மலையாளத்தில் சாப்பிடுவதே கழிப்பதுதான். என் உடம்புக்கும் அந்த ஒரு கணக்குதான் தெரியும்போல.

நாட்பட்ட களைப்பு நோய் என்று டாக்டர் சொன்ன அன்று, "களைப்பு வந்தா என்ன, கலாய்ப்பு போவாதுல்லா?" என்று கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். அம்மா சிரிக்கவில்லை. தூங்கி எழுந்தும் தீராத களைப்பு என்று ஒன்று உண்டு என்பதையே அவள் நம்பவில்லை. ஸ்கூலுக்கு மட்டம் போட நான் கண்டுபிடித்த புதுக் குறும்பு என்றுதான் நினைத்தாள். என் பழைய சரித்திரம் அப்படி. அவளைக் குறை சொல்லவும் முடியாது.

இந்த நோயைத் தீர்க்கிற சாப்பாடு எதுவும் கிடையாது, வயிற்றைக் காலியாகப் போடாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டால் இந்தப் பிள்ளை தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான் என்றார் டாக்டர். அந்த "அவ்வளவுதான்" உங்கள் காதில் விழவே இல்லை. கடையில் மற்றவர்கள் டீ குடிக்கப் போகிற நேரத்தில் நீங்கள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கரமனையில் நம் வீட்டுக்கு வந்தீர்கள். அவித்த சிறுபயறு, ஒரு முட்டை, மோர், நீங்களே வைத்த பயற்றங்கஞ்சி. மெல்லக்கூடத் தெம்பில்லாத நாளில் ஏத்தம்பழத்தை அவித்து மசித்து ஊட்டினீர்கள். "தின்னுத் தின்னுப் படுத்தா சீக்கு எப்பிடிப் போவும்?" என்று அம்மா அடுக்களையிலிருந்து கத்துவாள்.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் நான் நாக்கைத் தள்ளிக்கொண்டு செத்துக்கிடப்பேன். நீங்கள் பதறியதே இல்லை. கட்டிலில் உட்கார்ந்து, "சவம் தின்னாதுல்லா? அப்போ முட்டை எனக்கு" என்று ஓட்டை உரிப்பீர்கள். நான் துள்ளி எழுந்து பிடுங்குவேன். அன்றைக்குத் துள்ளுகிற சக்தி முழுவதும் அந்த முட்டைக்கே போய்விடும்.

கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த உங்களை ஆஸ்பத்திரியில் துணி விலக்கிக் காட்டியபோது, நான் அழாமல் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். சிரிப்பை அடக்குகிறீர்களோ என்று. அது என் விளையாட்டு அப்பா. அதைப் போய் நீங்கள் ஏன் எடுத்தீர்கள்?

அதன்பின் என்னை நம்புகிற ஆள் வீட்டில் இல்லை என்றே நினைத்தேன். கர்க்கடக வாவு, அதாவது நம் ஆடி அமாவாசை, வரும்வரை.

இலையில் சோறு வைத்து உங்களுக்குப் போடும் முதல் பலி. நாகர்கோவிலிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். "மக்ளே, பலி முடியது வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாது. ஒனக்குத் தாங்காது. நீ வீட்டுல கெட, நான் போட்டுக்கிடுதேன். எனக்கும் அண்ணந்தானே?"

"ஒங்களுக்கு அண்ணன் ரெண்டு பேரு சித்தப்பா. எனக்கு அப்பா ஒண்ணுதான்."

வாய் பேசிவிட்டது. உடம்பு என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். வெறும் வயிற்றோடு அந்தக் கூட்டத்தில் நின்றால், என் கையால் உங்களுக்கு ஒரு பிடி வைப்பதற்குள் விழுந்துவிடுவேன். விழுந்தால், பார்த்தாயா என்பார்கள். விடிந்ததும் பேசாமல் குளித்துவிட்டு வந்தேன். கூடத்தில் தட்டு இருந்தது. அவித்த ஏத்தம்பழம், கிண்ணத்தில் பயறு.

"தின்னுட்டி" என்றாள் அம்மா.

"மைனி, இது மொறையா?" சித்தப்பா எழுந்துவிட்டார். "பலி போடுதவ தின்னுட்டா போவா?"

"மொற எனக்கும் தெரியும் தம்பி. பிள்ளையப் பட்டினி போட்டுட்டு வைக்கிற சோறு அவருக்குத் தொண்டையில எறங்குமா? நீங்களே சொல்லுங்க."

சித்தப்பா திரும்ப உட்கார்ந்தார். நான் சாப்பிட்டேன். அம்மா எதிரே உட்கார்ந்து, நான் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒன்றும் சாப்பிடவில்லை.

திருவல்லத்தில் மழை. ஆற்றங்கரை முழுக்க ஈரத் தலைகள். ஒரு தொண்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மோளே, ஆ கசேரயில் இரி" என்று நாற்காலி போட்டார். தர்ப்பையும் எள்ளும் சோறுமாக, பூசாரி சொல்லச் சொல்ல உங்கள் பெயரைச் சொன்னேன். இலையை வைத்து, கையை நனைத்துத் தட்டினேன். காகம் வரவில்லை. ஊர் அப்பாக்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் விருந்து, காகத்துக்கு எத்தனை வயிறு? ஆனால் சித்தப்பா மெதுவாக, "நான் அப்பமே சொன்னேன்" என்றார். என் கை தொங்கிவிட்டது. அம்மா குனிந்து தன் கையை நனைத்தாள். அடுத்த இலைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி தட்டினாள்.

ஒன்று வந்தது. ஒரு கொத்து கொத்திவிட்டு நகர்ந்தது. நின்று யோசித்தது. மறுபடி ஒரு கொத்து.

"பைய பையத் தின்னுது பாரு, ஒன்ன மாதிரியே" என்றாள் அம்மா. பிறகு அழ ஆரம்பித்தாள். உங்களை எடுத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

இதோடு நல்லபடியாக முடிந்தது என்று எழுத ஆசைதான். சாப்பிட்டும், உட்கார்ந்தும், ஆட்டோவிலேயே போய் வந்தும், மறுநாள் என்னால் தலையைத் திருப்ப முடியவில்லை. இன்னமும் படுக்கைதான். இதைக்கூட ஒரு வரி தட்டி, கண்ணை மூடி, பிறகு அடுத்த வரி என்று போனில் தட்டுகிறேன். சாப்பாடு காப்பாற்றும் என்று நீங்கள் நம்பிய அளவுக்கு அது காப்பாற்றவில்லை அப்பா. உங்களுக்கும் தெரியுமோ? தெரிந்தேதான் வெயிலில் வந்தீர்களா?

அம்மா இப்போது உங்கள் கஞ்சியை வைத்துப் பார்க்கிறாள். ஒவ்வொரு தடவையும் வேறு ஏதோ ஆகிவிடுகிறது. நேற்று கரண்டியோடு வந்து, "அவரு இதுல பயறு மொதல்ல போடுவாரா, அரிசி மொதல்லயா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தின்றவள் எங்கே கவனித்தேன்? இருவரும் அடுப்படிப் பக்கம் பார்த்தோம். அங்கே பதில் சொல்ல ஆளில்லை.

அடுத்த வாவுக்கு ஆற்றங்கரை வரை வர முடியுமா, தெரியாது. முடியாவிட்டால் நம் மொட்டை மாடியில் இலை போடுகிறோம், நீங்கள் வந்துவிடுங்கள். ஒரு சத்தியம் மட்டும் செய்கிறேன். எத்தனை வாவு வந்தாலும், யார் முறை பேசினாலும், நான் சாப்பிட்ட பிறகுதான் உங்களுக்குச் சோறு. அம்மாவும் சாப்பிட்ட பிறகு.

பசிக்காதபோதும் வாயைத் திறக்கிற,
உங்கள் ஒரே மகள்