எட்டாம் அறையில் ஈரம்

நவ. 4, திங்கள்

காலையிலிருந்து தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை. வாங்க வேண்டியவை: பால், தக்காளி, அம்மாவின் பிரஷர் மாத்திரை.

நாளை வேடசந்தூர்ப் பக்கம், மில் பெண்கள் விடுதிக்கு. மேற்கு ஜன்னல்களைப் பாதிக்கு மேல் செங்கல் வைத்து அடைத்தால் அறைச் சூடு குறையும் என்று கோடையில் கட்டடச் சூட்டுக் கணக்கைக் கணினியில் ஓட்டிப் பார்த்துச் சொன்னது நான். அடைத்தார்கள். சூடும் குறைந்தது. இப்போது சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சையாம். "பெயின்ட்காரன் ஏமாத்திட்டான் மேடம்" என்கிறார் மேனேஜர். எனக்கும் அப்படி நம்பத்தான் ஆசை.

நவ. 5, செவ்வாய்

எட்டாம் அறை. நல்ல பகல், உள்ளே கும்மிருட்டு. நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் வரிசையாகத் தூக்கம். மிச்சமிருந்த ஜன்னலிலும் வெளிச்சம் வராமல் போர்வை. குறுக்கே கொடி, சொட்டச் சொட்டச் சுடிதார்கள்.

மாடியில் காயப்போடக் கூடாதா என்றேன். வார்டன் அக்கா: "மாடிக்குப் போனா ரோட்டப் பாத்து நிக்குதுகன்னு மொதலாளி பூட்டிட்டாரு. நா என்னத்தச் செய்ய?"

ஒரு பெண் மட்டும் உட்கார்ந்திருந்தாள். முத்துமாரி, பாலசமுத்திரத்துப் பெண். இருபது வயது இருக்கும். இளைப்பு. படுத்தால் மூச்சு முட்டுகிறதாம்.

"இவங்க எந்திரிச்சா அடுத்த ஷிப்ட்டு வந்து படுத்துக்குவாங்கக்கா. ரூமு காலியாவே இருக்காதுங்க."

என் கணக்கில் அந்த அறை பகல் முழுக்கக் காலி. விடுதி என்றால் இரவில் தூங்குவார்கள், பகலில் வெளியே போவார்கள் என்று மென்பொருளே ஓர் அட்டவணை தரும். அதை அப்படியே விட்டுவிட்டேன். மில் சங்கு கேட்டு வளர்ந்தவள் நான். மூன்று ஷிப்ட் எனக்குத் தெரியாதா? கழுதை.

நவ. 7, வியாழன்

மறுபடி ஓட்டினேன். எந்நேரமும் ஆள். மூச்சு, வியர்வை, ஈரத்துணி. சுவர் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதையும் சேர்த்தேன் (நேரம் பிடிக்கும் என்று முன்பு விட்டது). பழைய ஜன்னலோடு: அவ்வப்போது உலர்கிறது. அடைத்த பிறகு: கணக்கில் மழை போய்த் தை வந்தும் உலரவில்லை.

எங்கள் சென்னை ஆபீஸ் சாரிடம் சொன்னேன். "பழைய ரிப்போர்ட்ட அவங்களே ஒத்துக்கிட்டாங்க. நீ ஏம்மா நோண்டுற?"

மேனேஜருக்கு நானே அனுப்பினேன். அடைத்ததை உடையுங்கள், மாடியைத் திறந்துவிடுங்கள். வேலை போனால் போகட்டும்.

நவ. 9, சனி

நல்ல வெயில். துணி காய்ந்தது. மாத்திரை மறந்துபோச்சு, அம்மா திட்டு.

மேனேஜர் பதில்: பெயின்ட் அடிக்க ஆள் வந்தாச்சு மேடம். பெண்களை உள்ளே வைத்துக்கொண்டே அடிக்கிறார்கள். பூஞ்சைக்கு மேலேயே.

சாயங்காலம் வார்டன் அக்கா போன். "முத்துமாரிக்கு மூச்சே வரல. திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டோம். செத்த வாரீகளா?"

போனேன். உள்ளே விடவில்லை.

நவ. 10, ஞாயிறு

மாதா கோயில் பூசைக்குப் போகவில்லை. முத்துமாரி விடியும்போதே போய்விட்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் வார்டன் அக்கா அழுகை. நடுவே அவருக்கு ஒரு போன். "புதுப் புள்ள இன்னைக்கேவா? சரிங்க, அந்தக் கட்டிலயே போட்டுக்கிடலாம்."

முத்துமாரியின் அப்பா என்னிடம் வந்தார். கையில் அவள் துணிப்பை, இன்னும் ஈரம்.

"ஏனுங்க, செவுத்து ஈரந்தான் புள்ளையக் கொன்னுச்சுன்னு பேசிக்கறாங்க. நீங்கதான் கண்டுபுடிச்சீங்களாமா."

தலையாட்டினேன்.

"அந்த ஜன்னல அடைக்கச் சொன்னது ஆருங்க?"

தெரியலைங்கய்யா என்றேன்.